சந்தையும் சம்பந்தியும்

நங்கநல்லூரில் எனக்கு ஒரு நண்பர். வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பிரிப்பது வர்த்தகப் பக்கம்தான். ‘‘அரசியல் பக்கத்துல ஆளுக்கு ஒரு பொய். கணக்குப் பக்கம் மட்டும்தான் சார் பொய் சொல்லாது’’ என்பார். அவருடைய சம்பந்தி திருச்சிக்காரர். இன்ஜினீயர், அவரும் ரிட்டயர்டு. அவருக்கும் இதே வியாதி, இதே நம்பிக்கை.

இவர் பையனும் அவர் பெண்ணும் நியூஜெர்ஸியில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முறைவைத்து ஆறு ஆறு மாதம் அங்கே போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டு, பனியைத் திட்டிக்கொண்டு இருந்துவிட்டு வருவார்கள். அந்த வீட்டில் பையன் படிப்பது ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’. மருமகள் படிப்பது ‘நியூயார்க் டைம்ஸ்’. நண்பர் முன்னதைப் பிடித்துக்கொண்டார், சம்பந்தி பின்னதை. முறைவைத்துப் போனவரை பிரச்னை இல்லை.

2022 கோடையில் பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றம். இரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் போக வேண்டியதாயிற்று. ஜூலை 13-ம் தேதி அமெரிக்க விலைவாசிப் புள்ளிவிவரம் வந்தது. ஜூன் மாதப் பணவீக்கம் 9.1 சதவீதம். 1981-க்குப் பிறகு இவ்வளவு இருந்ததில்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதுதான் பேச்சு.

‘‘பைடன் பணத்தை வாரி இறைச்சார். விலை ஏறாம என்ன செய்யும்?’’ என்றார் நண்பர்.

‘‘யுத்தத்தை ஆரம்பிச்சது புடின். கொரோனாவுல கப்பல் ஓடலை. இதெல்லாம் உங்க பேப்பர்ல போடமாட்டானே’’ என்றார் சம்பந்தி.

‘‘எங்க பேப்பராவது சந்தையைப் பத்தின பேப்பர். உங்களோடது கட்சி நோட்டீஸ்.’’

‘‘உங்களோடது பணக்காரங்க நோட்டீஸ்.’’

அவ்வளவுதான். ஒரு தட்டு பாதிச் சாப்பாட்டோடு எழுந்துபோயிற்று. மறுநாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சம்பந்தியம்மாள்கள் இருவரும் தூது. ‘‘அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ.’’ ‘‘அவர் முதல்ல சாப்பிடட்டும்.’’ மேடையேறப் போகிற குழந்தை, தாத்தாக்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மருமகள்தான் ஒருநாள் வெடித்தாள். ‘‘2009-ல மாமா பேச்சைக் கேட்டு இவர் பணம் போச்சு. 2016-ல அப்பா பேச்சைக் கேட்டு என் பணம் போச்சு. ரெண்டு பேரும் பேப்பரைப் படிச்சுட்டுதான் சொன்னீங்க. எழுதினவங்க யாராவது ஸாரி சொன்னாங்களா? நீங்களாவது சொன்னீங்களா?’’

வீட்டுக்குள் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் பொருளாதாரப் பத்திரிகைகள் மீது இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. அதனால் அந்த இரண்டு வருஷக் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

★

2009 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் கருத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை. எழுதியவர் மைக்கேல் பாஸ்கின். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், சீனியர் புஷ் காலத்தில் ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கட்டுரைத் தலைப்பின் சாரம்: ஒபாமாவின் தீவிரப்போக்கு டவ் ஜோன்ஸைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, மார்ச் 9-ம் தேதி டவ் ஜோன்ஸ் 6,547 புள்ளியில் முடிந்தது. அதுதான் தரை. அங்கிருந்து ஏற ஆரம்பித்தது. எட்டு வருஷம் கழித்து ஒபாமா வீட்டுக்குப் போகும்போது 20,000-த்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

சந்தை எப்போது திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதற்காகப் பேராசிரியரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கே போட்டிருக்கக்கூடிய ஒரு கழித்தல் கணக்கு இருந்தது. 2007 அக்டோபரில் டவ் ஜோன்ஸ் உச்சத்தில் இருந்தபோது 14,164. ஒபாமா பதவியேற்ற 2009 ஜனவரி 20 அன்று 7,949. அதாவது, அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே 6,200 புள்ளிகளுக்கு மேல் விழுந்தாயிற்று. உட்கார்ந்த பிறகு தரை வரை விழுந்தது சுமார் 1,400. கிணற்றில் முக்கால்வாசி ஆழம் போனவனைக் கடைசிப் படியில் நின்றவர் தள்ளிவிட்டார் என்கிற மாதிரி இருக்கிறது தலைப்பு.

நண்பர் அப்போது நியூஜெர்ஸியில் இருந்தார். வெள்ளிக்கிழமை படித்தார். சனி, ஞாயிறு பையனிடம் சொன்னார். பையன் திங்கட்கிழமை தன் ‘401-கே’ சேமிப்பில் இருந்த பங்குகளை விற்று ரொக்கமாக்கினான். அதாவது, அந்தப் பத்தாண்டின் மிகத் தாழ்ந்த விலைக்கு. திரும்பச் சந்தைக்குள் போனது 2011-ல். அதற்குள் 12,000.

இப்போது அடுத்த பேப்பர். 2016 நவம்பர் 8 ராத்திரி. டிரம்ப் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். ஃப்யூச்சர்ஸ் விலைகள் சரிகின்றன. நியூயார்க் டைம்ஸில் பால் க்ருக்மன் எழுதுகிறார். 2008-ல் நோபல் பரிசு வாங்கியவர். சந்தை எப்போது மீளும் என்று கேட்டால், முதல் பார்வையில் தன் பதில் ‘ஒருபோதும் மீளாது’ என்பதுதான் என்கிறார். மறுநாள் டவ் ஜோன்ஸ் 257 புள்ளி ஏறியது. 2017 கடைசியில் 24,700. அந்த முறை நியூஜெர்ஸியில் இருந்தவர் திருச்சிக்காரர். பெண்ணைக் காலையிலேயே விற்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் பெரிய மூளைக்காரர்கள். இரண்டு பேரும் பிடிக்காத ஆள் பதவிக்கு வந்ததைப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது அரசியல் கட்டுரை, நாமும் அப்படியே படித்திருப்போம். ‘பிடிக்கவில்லை’ என்பதை ‘விழும்’ என்று மொழிபெயர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. கோபத்துக்கு எண் போட்டு விட்டால் அது கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது. அதை நம்பி ஒருவன் கையெழுத்துப் போட்டு விற்கிறான்.

★

அப்படியானால் சாய்வே இல்லாத பொருளாதாரப் பத்திரிகை வேண்டுமா? கிடைக்காது ஐயா. அந்தத் தொழில் பிறந்ததே சாய்வோடுதான்.

லண்டன் ‘எகனாமிஸ்ட்’ 1843-ல் ஆரம்பிக்கப்பட்டதே ஒரு கட்சி கட்டுவதற்காகத்தான். வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து வைத்திருந்த தானியச் சட்டங்களை ஒழிக்க வேண்டும் என்று ஜேம்ஸ் வில்சன் என்ற தொப்பி வியாபாரி ஆரம்பித்தார். மூன்றே வருஷத்தில் சட்டம் ஒழிந்தது. இந்த வில்சனுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. வைஸ்ராயின் கவுன்சிலில் நிதிப் பொறுப்பாளராகக் கல்கத்தாவுக்கு வந்து, 1860-ல் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி போட்டவர் அவர்தான். அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே இறந்தும் போனார். வரி போட்டதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சந்தையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று எழுதியவரே நம் பைக்குள் கைவிட்டார் என்பது மட்டும் சரித்திரம்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். 1889-ல் சார்லஸ் டவ், எட்வர்ட் ஜோன்ஸ், பெர்க்ஸ்ட்ரெஸர் மூவரும் ஆரம்பித்தது. அதை ஒரு பேப்பர் என்று நினைப்பது தப்பு. ஒரே முகவரியில் இரண்டு குடித்தனம். செய்திப் பக்கம் ஒன்று, கருத்துப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சுவர்.

அந்தச் சுவர் எவ்வளவு கனம் என்பதற்குத் தெரானோஸ் கதை ஒன்று போதும். ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த எலிசபெத் ஹோம்ஸைப் பற்றி 2013 செப்டம்பரில் பெரிய பாராட்டுப் பேட்டி வந்தது ஜர்னலின் கருத்துப் பக்கத்தில். 2015 அக்டோபரில் அந்தச் சோதனைகளின் லட்சணத்தை அம்பலமாக்கியது அதே ஜர்னலின் செய்திப் பக்கம். எழுதியவர் ஜான் கேரிரூ என்ற நிருபர். பேப்பரின் முதலாளி ரூபர்ட் மர்டாக் தெரானோஸில் சுமார் 12.5 கோடி டாலர் போட்டிருந்தார். கட்டுரையை நிறுத்தச் சொல்லி அவரிடம் ஹோம்ஸ் முறையிட்டும் அவர் தலையிடவில்லை. போட்ட பணம் போயிற்று. ஹோம்ஸுக்கு 2022 நவம்பரில் பதினோரு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை. மர்டாக்கைப் பற்றி எனக்கு எத்தனையோ குறை உண்டு. ஆனால் இதற்கு ஒரு சல்யூட் அடிக்கத்தான் வேண்டும்.

அதே சுவரில் ஓட்டை விழுகிறது என்று உள்ளே இருப்பவர்களே புகார் சொன்னதும் உண்டு. 2020 ஜூலையில் ஜர்னலையும் அதன் தாய்க் கம்பெனியையும் சேர்ந்த 280-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்திட்டு, கருத்துப் பக்கத்தில் உண்மைகளைச் சரிபார்ப்பது போதவில்லை, செய்தி எது கருத்து எது என்று வாசகருக்குத் தெளிவாகக் காட்டுங்கள் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்கள். கருத்துப் பக்கத்தார் நாங்கள் வளைந்துகொடுக்க மாட்டோம் என்று பதில் எழுதினார்கள்.

ஆனால் அந்தக் கருத்துப் பக்கத்துக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2025 ஆரம்பத்தில் டிரம்ப் கனடா, மெக்ஸிகோ மீது இறக்குமதி வரி போடப் போகிறார் என்றதும், இதைவிட முட்டாள்தனமான வர்த்தகப் போர் சரித்திரத்தில் இல்லை என்கிற தோரணையில் தலையங்கம் எழுதியது அதே பக்கம்தான். கட்டற்ற சந்தை என்பது அவர்கள் கொள்கை. தங்களுக்கு வேண்டிய கட்சி அதை மீறினாலும் அடிப்போம் என்று காட்டினார்கள். கொள்கைச் சாய்வு வேறு, கட்சிச் சாய்வு வேறு. முன்னதோடு குடித்தனம் நடத்தலாம், எங்கே சாயும் என்று தெரியும். பின்னதோடு முடியாது, ஆட்சி மாறினால் கணக்கும் மாறும்.

★

கட்சிச் சாய்வு பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை. பொய் என்றால் பிடித்துவிடலாமே. எதைப் பெரிதாகப் போடுவது, எதை உள்ளே தள்ளுவது என்பதில் வருகிறது. 2011-ல் ‘ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ்’ இதழில் மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கப் பத்திரிகைகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். தேர்தல்களில் டெமாக்ரட் கட்சியை ஆதரிக்கும் பத்திரிகைகள், வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமாகும்போது ஜனாதிபதி ரிபப்ளிகனாக இருந்தால் அதைப் பற்றிக் கூடுதலாக எழுதுகின்றன என்று கண்டார்கள். புள்ளிவிவரம் உண்மை. செய்தி உண்மை. எத்தனை தரம் சொல்கிறோம் என்பதில்தான் வித்தை.

வார்த்தையிலும் வரும். அமெரிக்காவில் ஒருவர் இறந்தபின் அவர் விட்டுப்போகும் பெரிய சொத்துக்கு ஒரு வரி உண்டு. டெமாக்ரட்டுகள் அதை ‘எஸ்டேட் வரி’ என்பார்கள். ரிபப்ளிகன்கள் ‘மரண வரி’ என்பார்கள். முதலாவது கேட்டால் ஜமீன்தார் ஞாபகம் வரும். இரண்டாவது கேட்டால் பாடை ஞாபகம் வரும். வரி ஒன்றுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்ற இருவர் இந்த மாதிரி வார்த்தைகளை வைத்தே நூற்றுக்கணக்கான பத்திரிகைகளின் சாய்வை அளந்து 2010-ல் எழுதினார்கள். முதலாளி சொல்லித்தான் பேப்பர் சாய்கிறது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அவர்கள் கண்டது வேறு. முதலாளி யார் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஊர் வாசகர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பேப்பர் சாய்கிறது.

வாசகர்கள் என்றால் நீங்களும் நானும்தான். கடைக்காரர் நம் நாக்குக்குத் தகுந்த மாதிரிதான் உப்பு போடுகிறார். நங்கநல்லூர் நண்பர் 2009-ல் அந்தக் கட்டுரையை ஏன் நம்பினார்? ஒபாமாவை அவருக்கு முன்பே பிடிக்காது. சம்பந்தி 2016-ல் ஏன் நம்பினார்? டிரம்ப்பை அவருக்கு முன்பே பிடிக்காது. பேப்பர் சொல்லிக்கொடுக்கவில்லை. நெஞ்சில் இருந்ததை அச்சடித்துக் கொடுத்தது.

★

சரி, சாய்வு போகாது என்றால் என்ன செய்வது? இங்கேதான் நாகரிகம் என்ற விஷயம் வருகிறது.

நாகரிகம் என்றால் ‘தாங்கள்’, ‘அவர்கள்’ என்று மரியாதை போட்டுப் பேசுவது என்று நினைக்கிறோம். மரியாதை போட்டுக்கொண்டே கழுத்தறுக்கலாம், எத்தனையோ வீட்டில் நடக்கிறது. வாதத்தில் நாகரிகம் என்பது வேறு. நம் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பாகம். முதல் பாகம் பரபக்கம். மாற்றுச் சமயத்தார் ஒவ்வொருவரும் சொல்வது இன்னது என்று முதலில் அடுக்கிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மறுப்பார். அதெல்லாம் முடிந்த பிறகே சுபக்கம், அதாவது தன் கட்சி. எதிராளி இல்லாத இடத்தில் அவனுக்காக நாமே வாதாடிவிட்டு அப்புறம் எதிர்ப்பது. இதைவிட மரியாதை என்ன இருக்கிறது?

இன்றைக்கும் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் பைடனின் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணத் திட்டம் வரப்போகிறது. கிளின்டனிடம் நிதியமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸ், இது அதிகம், விலைவாசி கிளம்பிவிடும் என்று எழுதினார். சொந்தக் கட்சியின் திட்டத்தை எதிர்த்து! க்ருக்மன் அப்படி ஆகாது என்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த ஒரு விவாதத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசினார்கள். யாரும் யாரையும் நோட்டீஸ் என்று சொல்லவில்லை.

இன்னொரு வழி, பந்தயம். 1980-ல் பால் எர்லிக் என்ற உயிரியல் பேராசிரியரும் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கட்டினார்கள். மக்கள்தொகை பெருகப் பெருக பூமியில் பண்டம் தீர்ந்து விலை ஏறும் என்பது எர்லிக் கட்சி. இறங்கும் என்பது சைமன் கட்சி. தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகம், ஆயிரம் டாலர், பத்து வருஷக் கெடு. 1990-ல் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குச் செக் எழுதி அனுப்பினார். தன் கொள்கையை அவர் விடவில்லை. ஆனால் காசைக் கொடுத்தார்.

எதிர் உதாரணம் வேண்டுமா? 2010 நவம்பரில் 23 பேர் கையெழுத்திட்டு ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பெர்னான்கிக்கு வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நீங்கள் பத்திரங்கள் வாங்கிப் பணத்தைப் புழங்கவிடுவதால் டாலர் மதிப்பிழக்கும், பணவீக்கம் வரும் அபாயம் இருக்கிறது என்று. நாலு வருஷம் போயிற்று. பணவீக்கம் சராசரியாக 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2014-ல் ப்ளூம்பெர்க் நிருபர்கள் கையெழுத்திட்டவர்களைத் தேடிக் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் ஒருவர்கூட, தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. அபாயம் என்றுதானே சொன்னோம், வரும் என்றா சொன்னோம் என்று ஒருவர். இனிமேல் வரும் என்று ஒருவர். தேதி போடாத ஜோசியத்துக்கு இது ஒரு சௌகரியம். எப்போதும் இனிமேல்தான் பலிக்கும்.

சாய்வு பாவமில்லை. கணக்கைத் தீர்க்காமல் எழுந்துபோவதுதான் பாவம். ஓட்டலில் அப்படிச் செய்தால் மாவாட்ட விடுவார்கள். பத்திரிகையில் அடுத்த வாரமும் இடம் கொடுக்கிறார்கள்.

★

நியூஜெர்ஸியில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

சண்டை நடந்து ஒரு வாரம் தாண்டியிருந்தது, மருமகளின் கேள்வி இன்னும் காற்றில் நின்றது. ஜூலை 21-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் தன் கட்டுரையாளர்கள் பலரை ‘நான் எதில் தப்பு செய்தேன்’ என்று எழுதச் சொல்லி வெளியிட்டது. அதில் க்ருக்மன் எழுதியது பணவீக்கத்தைப் பற்றி. 2021 நிவாரணத் திட்டத்தால் விலை இவ்வளவு ஏறாது என்று நினைத்தேன், தப்பு, எந்த இடத்தில் தப்பினேன் என்றால் இங்கே என்று விளக்கியிருந்தார்.

சம்பந்தி அதை இரண்டு தரம் படித்தாராம். முதலில் மடித்துச் சோபாவுக்கு அடியில் வைத்துவிடலாமா என்று தோன்றியதாம். அவரே பிற்பாடு சொன்னது. அப்புறம் எழுந்துபோய் நண்பர் காபி குடித்துக்கொண்டிருந்த மேஜையில் வைத்தார். ‘‘உங்க பக்கம்தான் சரி. படிச்சுப் பாருங்க.’’

நண்பர் முழுக்கப் படித்தார். ‘‘இவர் 2016-லயும் இப்படி ஏதாவது எழுதினாரா?’’ என்று கேட்டார். தேடினார்கள். எழுதியிருந்தார். அந்த நவம்பர் ராத்திரிக்குச் சில நாளிலேயே, உடனடியாக வீழ்ச்சி வரும் என்று ஆத்திரத்தில் எழுதிவிட்டேன், அது சரியில்லை என்ற அர்த்தத்தில். சம்பந்தி அதைப் படிக்கவேயில்லை. ‘விழும்’ என்றது கண்ணில் பட்டது. ‘இல்லை’ என்றது படவில்லை. பெண்ணின் பணம் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. திருத்தம் எழுதினால் மட்டும் போதாது, அதைத் தேடிப் படிக்க ஆளும் வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி.

அன்றைக்கு ராத்திரி நண்பர் பையனைக் கூப்பிட்டு, ‘‘2009-ல நான் சொன்னது தப்புடா’’ என்றார். பதின்மூன்று வருஷம் கழித்து. பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். ‘‘பரவாயில்லப்பா, சாப்பிடலாம் வாங்க’’ என்றானாம்.

அரங்கேற்றத்தில் இரண்டு தாத்தாக்களும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இப்போதும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். யார் என்ன ஜோசியம் சொன்னாலும் தேதி, எண், கெடு மூன்றும் அதில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் எதிராளி கட்சியை அவர் தலையாட்டும்படி ஒரு தரம் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது விதியைப் போட்டது மருமகள். இது வந்த பிறகு ஜோசியங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்கிறார் நண்பர்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். பேப்பரில் ‘விழும்’, ‘எழும்’ என்று யார் எழுதினாலும் பெயரும் தேதியும் போட்டுக் குறித்துவையுங்கள். ஒரு வருஷம் கழித்துப் புரட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுவது உத்தமம்.